முப்பத்தொன்பது இலக்கமுடைய ஒரு முதன்மை எண்

170,141,183,460,469,231,731,687,303,715,884,105,727

மேலே காட்டிய எண் முப்பத்தொன்பது இலக்கங்களைக் கொண்டது. இரண்டை நூற்றிருபத்தேழு முறை எழுதி, அவற்றை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் பெருக்கத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் இவ்வெண் கிடைக்கும். இதனைச் சுருக்கமாக 2¹²⁷ − 1 என எழுதுவர். இஃது ஒரு முதன்மை எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் இது மீதியின்றி வகுபடாது. இவ்வுண்மையை 1876 ஆம் ஆண்டிலே எதுவார் லூக்காஸ் என்னும் பிரெஞ்சு நாட்டுக் கணித ஆசிரியர் நிறுவினார். அன்று தொட்டு 1951 ஆம் ஆண்டு வரை, எழுபத்தைந்து ஆண்டுகள், உலகில் அறியப்பட்ட முதன்மை எண்களுள் இதுவே மிகப் பெரியதாய் விளங்கிற்று. இயந்திரத்தின் துணையின்றிக் கையாற் கணித்து நிறுவப்பட்டவற்றுள் இன்றும் இதுவே மிகப் பெரியது.

பெரிய எண் என்பதனால் மாத்திரம் ஓர் எண் நம் கவனத்துக்கு உரியதாகிவிடாது. இதனோடு ஒன்றைக் கூட்டினால் இதனிலும் பெரிய எண் உண்டாகும். அதனை எவரும் போற்றார். நாம் இங்கு ஆராயப் புகுவது வேறொரு வினா. இத்துணைப் பெரிய எண்ணை எந்த எண்ணும் வகுக்காது என்பதை ஒரு மனிதர் தம் வாழ்நாளுக்குள் எவ்வாறு ஐயமற அறிந்தார்? இவ்வினாவுக்கு விடை காணுமிடத்து, ஒன்றைச் "சொல்லுதல்" என்பதற்கும் "நிறுவுதல்" என்பதற்கும் உள்ள வேற்றுமை நமக்குத் தெளிவாகும். மாணவர்க்கு இத்தெளிவு கணித பாடத்துக்கு அப்பாலும் பயன்படுவதாகும்.

வகுத்துப் பார்க்கும் வழி

2, 3, 5, 7, 11, 13 என்பன முதன்மை எண்கள். 4, 6, 9, 15 போன்றவை சிறிய எண்களின் பெருக்கமாக அமைதலின் சேர்த்தி எண்கள் எனப்படும். முதன்மை எண்களுக்கு முடிவில்லை என்பதை யூக்கிளிட்டு தமது நூலின் ஒன்பதாம் பாகத்திலேயே நிறுவியிருக்கிறார். ஆதலின் எவ்வளவு பெரிய முதன்மை எண்ணை நாம் கண்டாலும், அதனிலும் பெரியது ஒன்று எங்கோ இருக்கத்தான் செய்யும். அதனைக் கண்டுபிடித்து, முதன்மை எண்ணே என்று காட்டுவதில்தான் இடர்ப்பாடு உளது.

ஓர் எண் முதன்மையா என அறிவதற்குப் பாடசாலையில் நாம் கற்கும் வழி, அதனைச் சிறிய எண்களால் வகுத்துப் பார்த்தலாகும். வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்த்தாற் போதும். ஏனெனில் ஒரு காரணி வர்க்கமூலத்தினும் பெரிதாயின் அதன் இணைக்காரணி அதனிலும் சிறிதாகும். 97 என்ற எண்ணை 2, 3, 5, 7 என்பவற்றால் வகுத்துப் பார்த்து, எதனாலும் வகுபடாமையால் அது முதன்மை எண் என முடிவு செய்கிறோம். இவ்வழியிற் குற்றமொன்றுமில்லை. ஆனால் 2¹²⁷ − 1 என்னும் எண்ணுக்கு இதனைக் கையாள முயல்வோமாயின் நிகழ்வது யாது?

இவ்வெண்ணின் வர்க்கமூலம் 13 ஐ எழுதி அதன் வலப்பக்கத்தில் பதினெட்டுப் பூச்சியங்கள் இட்டால் வரும் எண்ணுக்கு அணித்தானது. செக்கனுக்கு ஒரு வகுத்தலாக இரவு பகல் ஓயாது ஒருவர் செய்து வருவாரெனின், எல்லா எண்களாலும் வகுத்து முடிக்க ஏறத்தாழ நாற்பத்தோராயிரம் கோடி ஆண்டுகள் வேண்டும். இப்பிரபஞ்சத்தின் வயதே ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டுகள் என்று அறிஞர் கணித்திருக்கின்றனர். ஆகவே பாடசாலை வழி இங்கு வாயிலோடு நின்றுவிடுகிறது.

மெர்சென் எண்கள்

இரண்டின் ஒரு வலுவிலிருந்து ஒன்றைக் கழிக்க வரும் எண்கள் மெர்சென் எண்கள் எனப்படும். 3, 7, 31, 127 என்பன முறையே 2² − 1, 2³ − 1, 2⁵ − 1, 2⁷ − 1 ஆகும். இந்நான்கும் முதன்மை எண்கள். இவற்றில் சுட்டிகளாக நிற்கும் 2, 3, 5, 7 என்பனவும் முதன்மை எண்களாய் இருத்தல் நோக்கத்தக்கது. சுட்டி சேர்த்தி எண்ணாயின் மெர்சென் எண்ணும் சேர்த்தியே ஆகும். எடுத்துக்காட்டாக 6 என்பது 2 ஆலும் 3 ஆலும் வகுபடும்; அதனால் 2⁶ − 1 ஆகிய 63 என்பது 2² − 1 ஆகிய 3 ஆலும் 2³ − 1 ஆகிய 7 ஆலும் வகுபடுகின்றது. ஆனால் சுட்டி முதன்மையாய் இருந்துவிட்டாற் போதும் எனக் கொள்ளுதல் தவறு. 11 ஒரு முதன்மை எண். எனினும் 2¹¹ − 1 ஆகிய 2047 என்பது 23 ஐ 89 ஆற் பெருக்க வருவது.

இவ்வகை எண்களைப் பண்டையோர் நாடியதற்கு ஒரு காரணம் உண்டு. 6 இன் காரணிகளுள் 6 ஐ ஒழித்து மற்றைய 1, 2, 3 என்பவற்றைக் கூட்டினால் 6 ஏ வரும். 28 க்கும் 1, 2, 4, 7, 14 என்பன கூடி 28 ஆகும். இத்தகைய எண்களை நிறைவெண்கள் என்பர். 2 இன் ஒரு வலுவிலிருந்து 1 ஐக் கழிக்க வருவது முதன்மை எண்ணாயின், அதனை 2 இன் முந்திய வலுவாற் பெருக்க ஒரு நிறைவெண் கிடைக்கும் என யூக்கிளிட்டு நிறுவினார். 3 ஐ 2 ஆற் பெருக்க 6. 7 ஐ 4 ஆற் பெருக்க 28. 31 ஐ 16 ஆற் பெருக்க 496. 127 ஐ 64 ஆற் பெருக்க 8128. இவ்வாறு ஒவ்வொரு மெர்சென் முதன்மை எண்ணும் ஒரு நிறைவெண்ணை உடன் கொண்டு வருகிறது.

மரின் மெர்சென் (1588 – 1648) பாரிஸ் நகரில் வாழ்ந்த கிறித்தவத் துறவி. தேக்காட்டு, பேர்மா முதலிய அக்காலப் பேரறிஞர்களோடு கடிதத் தொடர்பு பூண்டு, ஒருவர் கண்டதை மற்றவர்க்கு அறிவிக்கும் நடுவராய் விளங்கியவர். அவர் 1644 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றின் முன்னுரையில், 257 வரையுள்ள சுட்டிகளுள் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 என்னும் பதினொன்றுக்கு மட்டுமே முதன்மை எண்கள் கிடைக்கும் என எழுதினார். இதற்கு நிறுவல் எதுவும் அவர் காட்டினாரல்லர். 19 வரையுள்ளவற்றை இத்தாலியரான கத்தால்தி முன்பே சோதித்திருந்தார். எஞ்சியவற்றை அக்காலத்தில் எவரும் சோதித்தல் இயலாது. ஆகவே அப்பட்டியல் ஒரு பெரியாரின் வாக்காக இரு நூற்றாண்டுகளுக்கு மேல் நின்றது.

ஒயிலர் கண்ட சுருக்கவழி

31 என்னும் சுட்டியைச் சோதித்து முடித்தவர் ஒயிலர். 2³¹ − 1 என்பது 2,147,483,647 ஆகும். இதன் வர்க்கமூலம் 46,340 ஐச் சற்றே கடக்கும். அத்தனை எண்களாலும் வகுக்காமல், எவ்வெண்கள் காரணியாக வருதல் கூடும் என்பதை அவர் முதலில் ஆராய்ந்தார். சுட்டி ஓர் ஒற்றை முதன்மை எண்ணாயின், மெர்சென் எண்ணின் எந்தக் காரணியும் அச்சுட்டியின் இருமடங்கால் வகுக்க 1 மீதியாக வருதல் வேண்டும்; 8 ஆல் வகுக்க 1 அல்லது 7 மீதியாக வருதலும் வேண்டும். மேற்கூறிய 2047 இல் இதனைச் சரிபார்க்கலாம். அங்கே சுட்டி 11. அதன் இருமடங்கு 22. காரணிகளான 23, 89 என்னும் இரண்டும் 22 ஆல் வகுக்க 1 மீதியாகின்றன. 8 ஆல் வகுக்க 23 க்கு 7 உம், 89 க்கு 1 உம் மீதியாகும்.

இவ்விரு நிபந்தனைகளுக்கும் அமைந்த எண்கள் 46,340 க்கு உட்பட்டு 373 மட்டுமே உள. அவற்றுள்ளும் முதன்மை எண்களால் வகுத்துப் பார்த்தலே போதும். இவ்வாறு 2³¹ − 1 ஒரு முதன்மை எண் என ஒயிலர் 1772 ஆம் ஆண்டில் அறிவித்தார். இதன்வழி வரும் நிறைவெண்ணைக் குறித்து, இதனிற் பெரிய நிறைவெண்ணை எவரும் ஒருபோதும் காணப்போவதில்லை என்றும், பயனின்றி வியப்புக்கு மட்டும் உரிய இவற்றைத் தேடி எவரும் முயலமாட்டார் என்றும் பீற்றர் பார்லோ என்னும் ஆங்கிலக் கணிதர் 1811 ஆம் ஆண்டில் எழுதினார். அவர் கூற்றின் இரு பகுதிகளும் பின்னர்ப் பொய்த்தமையை மேலே காண்போம்.

ஒயிலரின் சுருக்கவழியை 2¹²⁷ − 1 க்குப் பிரயோகித்தால், காரணியாக வரக்கூடிய எண்கள் முன்னையதில் ஐந்நூற்றில் ஒரு பங்காகக் குறையும். எனினும் செக்கனுக்கு ஒரு வகுத்தலாகச் செய்ய ஏறத்தாழ எண்பத்தொரு கோடி ஆண்டுகள் செல்லும். சுருக்கவழியும் இங்கே போதாதாயிற்று. காரணிகளைத் தேடும் எண்ணத்தையே கைவிட்டு, வேறொரு வாயிலால் உட்புகுதல் வேண்டியிருந்தது.

லூக்காஸின் சோதனை

எதுவார் லூக்காஸ் 1842 ஆம் ஆண்டில் பிரான்சின் வடபாலுள்ள அமியென் நகரிற் பிறந்தவர். 1870 ஆம் ஆண்டுப் போரிற் பீரங்கிப் படையில் அதிகாரியாய்ப் பணியாற்றியபின், உயர்நிலைப் பாடசாலைகளிற் கணிதம் கற்பித்து வாழ்ந்தார். "அனோய் கோபுரம்" என இன்று சிறுவர் விளையாடும் வட்டுப் புதிரை 1883 இல் வெளியிட்டவரும் இவரே. காசிக் கோயிலில் அறுபத்துநான்கு பொன்வட்டுக்களை இடம் மாற்றும் அந்தணர் கதை அப்புதிரோடு இணைந்து பரவியது. அவ்வட்டுக்களை மாற்றி முடிக்கத் தேவையான தடவைகள் 2⁶⁴ − 1 என்பதை நோக்கின், விளையாட்டிலும் அவர் மனம் இவ்வகை எண்களையே சுற்றி வந்தமை புலனாகும். 1891 ஆம் ஆண்டில் ஒரு விருந்திலே உடைந்த தட்டின் சில்லு கன்னத்திற் பட்டுண்டான புண்ணால் அவர் காலமானார்.

அவர் கண்ட சோதனையை, பின்னர் 1930 இல் அமெரிக்கரான டெரிக் லேமர் எளிதாக்கி அமைத்த வடிவில் இங்கே தருகிறோம். சுட்டி ஓர் ஒற்றை முதன்மை எண்ணாய் இருத்தல் வேண்டும். முதலில் 4 ஐ எடுத்துக்கொள்க. கையிலுள்ள எண்ணை வர்க்கித்து, அதிலிருந்து 2 ஐக் கழித்து, சோதிக்கப்படும் மெர்சென் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்க. சுட்டியினும் இரண்டு குறைந்த தடவைகள் இவ்வாறு செய்க. இறுதியில் வரும் மீதி பூச்சியமாயின் அம்மெர்சென் எண் முதன்மை எண். பூச்சியமன்றேல் சேர்த்தி எண்.

2⁷ − 1 ஆகிய 127 ஐச் சோதித்துப் பார்ப்போம். சுட்டி 7 ஆகலின் ஐந்து தடவைகள் செய்தல் வேண்டும்.

முதலாவது: 4 இன் வர்க்கம் 16; 2 ஐக் கழிக்க 14.
இரண்டாவது: 14 இன் வர்க்கம் 196, 2 ஐக் கழிக்க 194, 127 ஆல் வகுக்க மீதி 67.
மூன்றாவது: 67 இன் வர்க்கம் 4489, 2 ஐக் கழிக்க 4487, மீதி 42.
நான்காவது: 42 இன் வர்க்கம் 1764, 2 ஐக் கழிக்க 1762, மீதி 111.
ஐந்தாவது: 111 இன் வர்க்கம் 12321, 2 ஐக் கழிக்க 12319, இது 127 இன் 97 மடங்கு, மீதி பூச்சியம்.

ஆகவே 127 முதன்மை எண். இனி 2047 க்கு இதனைச் செய்வோமாயின், ஒன்பது தடவைகளில் 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736 என்னும் மீதிகள் முறையே வரும். இறுதி மீதி பூச்சியமன்று. ஆகவே 2047 சேர்த்தி எண் என்பது, 23 ஐயோ 89 ஐயோ நாம் அறியாதிருந்தபோதும் உறுதியாகின்றது.

இச்சோதனை ஏன் பலிக்கின்றது என்பதன் முழு நிறுவலை இங்கே தருதல் கட்டுரையின் எல்லையைக் கடக்கும். அதன் வேரை மட்டும் உயர்வகுப்பு மாணவர்க்குச் சுட்டுவோம். 2 + √3, 2 − √3 என்னும் இரண்டையும் கூட்டினால் 4 வரும். பெருக்கினால் 1 வரும். அவ்விரண்டையும் தனித்தனி வர்க்கித்துக் கூட்டினால் 14 வரும்; மேலும் வர்க்கித்துக் கூட்டினால் 194 வரும். பெருக்கம் 1 ஆயிருத்தலினாலேயே, ஒவ்வொரு தடவையும் கூட்டுத்தொகையை வர்க்கித்து 2 ஐக் கழித்தல் போதுமானதாகிறது. இவ்வலுக்கள் எத்தனையாம் படியில் ஒரு சுற்று முடிந்து 1 ஆக மீள்கின்றன என்பதைக் கொண்டு, வகுக்கும் எண்ணுக்குச் சிறிய காரணி இருத்தல் கூடாது எனக் காட்டுவதே நிறுவலின் சாரம்.

வகுத்தலும் இங்கே எளிதாகின்றது. ஓர் எண்ணை 999 ஆல் வகுத்து மீதி காண விரும்புவோர் அதனை மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்துக் கூட்டினாற் போதும். அவ்வாறே துவித எண்முறையில் எழுதிய எண்ணை 127 ஆல் வகுக்கும்போது, ஏழேழு இலக்கங்களாகப் பிரித்துக் கூட்டலாம். 12319 என்பது 96 ஐ 128 ஆற் பெருக்கி 31 ஐக் கூட்ட வருவது. 96 உம் 31 உம் கூடி 127 ஆகின்றன; ஆகவே மீதி பூச்சியம். நீண்ட வகுத்தல் ஒரு சிறு கூட்டலாகச் சுருங்கிவிட்டதைக் காண்க. லூக்காஸும் துவித முறையையே கையாண்டு, சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களிற் காய்களை வைத்து நகர்த்தும் ஒரு விளையாட்டாக இப்பெருக்கலை அமைத்துக் காட்டினார்.

2¹²⁷ − 1 க்கு வேண்டியவை நூற்றிருபத்தைந்து தடவைகள். ஒவ்வொன்றிலும் முப்பத்தொன்பது இலக்கம் வரை நீளும் எண்ணை வர்க்கித்தல் வேண்டும். கடுமையான உழைப்பே ஆயினும் மனிதர் ஒருவரால் முடிக்கத்தக்கது. எண்பத்தொரு கோடி ஆண்டு வேலை, பொறுமையுடைய ஓர் ஆசிரியரின் மேசைக்குள் அடங்கிவிட்டது. லூக்காஸ் தம் கணிப்பில் 4 க்குப் பதிலாக 3 இலிருந்து தொடங்கினார். நான்கால் வகுக்க மூன்று மீதியாகும் சுட்டிகளுக்கு அதுவும் பொருந்தும். 127 அத்தகைய சுட்டியே.

அறிதலின் இரு வகை

இச்சோதனை 67 என்னும் சுட்டியைப் பற்றியும் ஒரு செய்தியை வெளியிட்டது. 2⁶⁷ − 1 என்பது 147,573,952,589,676,412,927. மெர்சென் இதனை முதன்மை எனக் கூறியிருந்தார். லூக்காஸ் அதே 1876 ஆம் ஆண்டில் இது சேர்த்தி எண் எனக் காட்டினார். ஆயினும் எவ்வெண்களின் பெருக்கம் என்பதை அவரால் கூற முடியவில்லை. அவரது சோதனை காரணிகளைத் தருவதன்று. ஒரு பூட்டுக்குத் திறவுகோல் உண்டென்பது தெரிந்தும், அத்திறவுகோல் எங்கே உளது என்பது தெரியாத நிலை அது.

இருபத்தேழு ஆண்டுகள் சென்றன. 1903 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் நியூயோர்க்கில் நிகழ்ந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்திலே பிராங்கு நெல்சன் கோல் என்பவர் ஒரு கட்டுரை படிக்க எழுந்தார். அக்காட்சியைக் கணித வரலாறு எழுதிய பெல் பின்வருமாறு விவரித்துள்ளார்: கோல் வாய் திறவாது கரும்பலகையை அடைந்து, 2 இன் 67 ஆம் வலுவைக் கணித்து ஒன்றைக் கழித்தார். பின்பு பலகையின் மற்றொரு பக்கத்தில் 193,707,721 ஐ 761,838,257,287 ஆற் பெருக்கினார். இரு விடைகளும் ஒத்தன. ஒரு சொல்லும் பேசாது தம் இருக்கையில் அமர்ந்தார். அவையோர் எழுந்து கரகோஷம் செய்தனர். இதற்கு எத்துணைக் காலம் சென்றது எனப் பெல் பின்னர் வினவியபோது, மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என விடையிறுத்தாராம்.

முன் கூறிய ஒயிலரின் விதி இங்கும் நிற்பதைக் காண்க. 67 இன் இருமடங்கு 134. கோல் கண்ட சிறிய காரணியிலிருந்து ஒன்றைக் கழித்து 134 ஆல் வகுத்தால் 1,445,580 என மீதியின்றி வரும்.

மெர்செனின் பட்டியல் படிப்படியாகத் திருத்தமுற்றது. அவர் விட்டுவிட்ட 61 ஐ 1883 இல் உருசிய நாட்டுப் பாதிரியார் பெர்வூசின் முதன்மை தருவதாகக் காட்டினார். 89 ஐ 1911 இலும் 107 ஐ 1914 இலும் அமெரிக்கரான பவர்ஸ் காட்டினார். 257 சேர்த்தி தருவதாயிற்று. 1947 அளவில் 257 வரையுள்ள சுட்டிகள் யாவும் சோதிக்கப்பட்டபோது, பட்டியலில் ஐந்து பிழைகள் இருந்தமை உறுதியாயிற்று: சேர்க்கத் தகாதன இரண்டு, சேர்க்க வேண்டியன மூன்று. இதனால் மெர்செனின் பெருமை குன்றியதென்று நாம் கருதவில்லை. அவர் பெயரே இன்றும் அவ்வெண்களுக்கு வழங்குகிறது. ஆனால் எத்துணைப் பெரியார் கூறினும், நிறுவும் வரை அது கூற்றேயன்றி அறிவாகாது என்பதற்கு அப்பட்டியலே சான்று. 127 ஐப் பற்றி மெர்சென் கூறியது உண்மை. 67 ஐப் பற்றிக் கூறியது பொய். 1644 இல் இரண்டும் ஒரே வரியில் ஒரே உறுதியோடு நின்றன. அவற்றைப் பிரித்தறிய லூக்காஸின் சோதனை வரவேண்டியிருந்தது.

பின்னர் நிகழ்ந்தவை

1951 ஆம் ஆண்டிலே லூக்காஸின் எண் தன் முதலிடத்தை இழந்தது. பிரான்சில் பெரியே என்பவர் மேசைக் கணிபொறி கொண்டு நாற்பத்துநான்கு இலக்க முதன்மை எண்ணொன்றை நிறுவினார். அதே ஆண்டில் கேம்பிரிச்சுப் பல்கலைக்கழகத்தில் மில்லரும் வீலரும் இலத்திரனியற் கணினியின் துணையால் எழுபத்தொன்பது இலக்க முதன்மை எண்ணொன்றைக் கண்டனர். லூக்காஸின் எண்ணை வர்க்கித்து, 180 ஆற் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வருவது அது. வென்ற எண் தோற்ற எண்ணின்மீதே கட்டப்பட்டது என்பது இன்பம் தருவதாம். 1952 ஆம் ஆண்டு சனவரி 30 ஆந் திகதி கலிபோர்ணியாவில் றொபின்சன் என்பார் லூக்காஸ் – லேமர் சோதனையைக் கணினிக்கு ஏற்ப அமைத்து, 521, 607 என்னும் சுட்டிகள் இரண்டும் முதன்மை தருவனவாகக் கண்டார். அவ்வாண்டு முடியுமுன் 1279, 2203, 2281 என்பனவும் சேர்ந்தன.

1996 இல் தொடங்கப்பெற்ற கூட்டு முயற்சியொன்றில் உலகெங்குமுள்ள ஆர்வலர் தத்தம் கணினிகளின் ஓய்வு நேரத்தை இவ்வேட்டைக்கு நல்கி வருகின்றனர். அதன் பயனாக 2024 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் அமெரிக்கரான லூக் டுரான்ற் என்பார் 136,279,841 என்னும் சுட்டிக்குரிய மெர்சென் எண் முதன்மை எனக் கண்டார். அது முன்னர் அறியப்பட்ட முதன்மை எண்கள் யாவற்றினும் பெரியது. அதன் இலக்கங்கள் 41,024,320. இம்மலரின் பக்கமொன்றில் 2,500 இலக்கம் வீதம் அச்சிடினும் பதினாறாயிரத்து நானூறு பக்கங்களுக்கு மேற்படும். அதனை இறுதியாக உறுதிசெய்த சோதனையும், மேலே 127 க்கு நாம் செய்து காட்டிய வர்க்கித்தலும் கழித்தலுமே.

இவற்றாற் பயன் என்னை என்பார்க்கும் விடை உண்டு. முதன்மையா என அறிதல் எளிது. காரணிகளைக் காணுதல் அரிது என்னும் வேற்றுமையை 67 என்னும் சுட்டியிடத்துக் கண்டோம். 1977 இல் இறிவெசுற்று, சமீர், ஏடில்மன் என்னும் மூவர் இவ்வேற்றுமையையே அத்திவாரமாகக் கொண்டு ஒரு மறைமொழி முறையை வகுத்தனர். இரு பெரிய முதன்மை எண்களைத் தெரிந்து பெருக்கி, பெருக்கத்தை ஊரறிய வெளியிடலாம். காரணிகளை அறியாதார் மறையைத் திறத்தல் அரிது. வங்கிக் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் கணினி வழி இயங்கத் தொடங்கியபின் இத்தகைய முறைகள் அவற்றைக் காத்து நின்றன. உலகறிந்த மெர்சென் முதன்மை எண்கள் இம்முறையில் இரகசியமாக உதவமாட்டா. எனினும் லூக்காஸின் முப்பத்தொன்பது இலக்க எண் வேறொரு வகையிற் பயன்பட்டது. 2015 இல் கொஸ்தெல்லோ, லொங்கா என்னும் இருவர் அமைத்த மறைமொழி முறையொன்று இவ்வெண்ணால் வகுத்து மீதி காணுதலையே அடிப்படையாகக் கொண்டது. வகுத்தலைக் கூட்டலாக மாற்றும் அச்சுருக்கவழியே அதன் விரைவுக்குக் காரணம். பயனற்றவை எனப் பார்லோ கூறியது இவ்வாறு முடிந்தது.

விடை காணாத வினாக்கள்

முதலில் 3 ஐ எடுப்போம். 2 இன் 3 ஆம் வலுவிலிருந்து 1 ஐக் கழிக்க 7. 2 இன் 7 ஆம் வலுவிலிருந்து 1 ஐக் கழிக்க 127. 2 இன் 127 ஆம் வலுவிலிருந்து 1 ஐக் கழிக்க லூக்காஸின் எண். நான்கும் முதன்மை எண்கள். இத்தொடரின் அடுத்த உறுப்பும் முதன்மையாகுமா? இதனைக் கற்றலான் என்னும் கணிதர் 1876 ஆம் ஆண்டிலேயே நோக்கினார். அவ்வடுத்த உறுப்பின் இலக்கங்களை எழுத உலகிலுள்ள தாளெல்லாம் போதாது. எக்கணினியும் அதனை லூக்காஸின் வழியிற் சோதித்தல் இயலாது. மெர்சென் முதன்மை எண்கள் முடிவற்றனவா என்பதும், ஒற்றை எண்ணாகிய நிறைவெண் ஒன்றாயினும் உண்டா என்பதும் நிறுவப்படவில்லை. யூக்கிளிட்டின் காலத்திலிருந்து வரும் வினாக்களுள் சில இன்னும் திறந்தே கிடக்கின்றன.

மாணவர்க்கு ஒரு பயிற்சி தந்து முடிப்போம். 2¹³ − 1 ஆகிய 8191 ஐத் தாளும் பென்சிலும் கொண்டு சோதித்துப் பார்க்க. பதினொரு தடவைகள் வேண்டும். பிழையின்றிச் செய்தால் பத்தாவது தடவையில் 128 தோன்றும். பதினோராவதிற் பூச்சியம் வரும். அப்பூச்சியத்தைத் தாமே கண்டவர், 8191 முதன்மை எண் என்பதை எந்த நூலையும் ஆசிரியரையும் சார்ந்து நில்லாது அறிந்தவராவர். அவ்வறிவு அவருக்கே உரியது. கல்லூரி என்பது மாணவர்க்கு நல்கக்கூடிய செல்வங்களுள் இத்தகைய அறிவினும் நிலையானது வேறில்லை என்பதே எமது துணிபு.